இறக்கை துடித்த சத்தம்

எங்கள் வீட்டில் விமானம் செய்வது நான். ஓட்டுவது என் மனைவி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கல்யாணமான சில மாதங்களிலேயே இந்த வேலைப் பிரிவினை தானாக அமைந்துவிட்டது. நான் சொல்வது இரண்டு கையையும் விரித்த அகலம் இருக்கும் மாதிரி விமானங்களை. மூக்கில் ஒரு சின்ன மோட்டார், வயிற்றில் பேட்டரி, தரையில் நிற்பவர் கையில் ரிமோட். கல்லூரிக் காலத்திலிருந்தே இவற்றை அறுத்து ஒட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். ஓட்டத்தான் வரவில்லை. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது இடதாகவும் வலது வலதாகவும் இருக்கும். அது திரும்பி நம்மை நோக்கி வந்தால் எல்லாம் தலைகீழ். அந்த இடத்தில் என் மூளை நின்றுவிடும். ஒருநாள் அப்படி நின்றபோது பக்கத்திலிருந்தவள் ரிமோட்டைப் பிடுங்கி, விழப்போன விமானத்தை நிமிர்த்தி, தரையில் இறக்கிவைத்தாள். அதற்குமுன் அவள் அதைத் தொட்டதுகூட இல்லை. அன்றிலிருந்து ரிமோட் அவளுடையது.

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவள் கால்நடை மருத்துவர். இரண்டு பேருமே கோபிப் பக்கத்துக்காரர்கள். மாறுதலில் கொல்லிமலைக்கு வந்தபோது விமானப் பெட்டியைத்தான் முதலில் லாரியில் ஏற்றினோம். ஆனால் மலையில் சமதரை கிடைப்பது எளிதாக இல்லை. இருக்கிற கொஞ்ச சமதரையிலும் சாமையோ, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியோ நிற்கும். கடைசியில் ஒரு விவசாயி சாமை அறுத்த காட்டை எங்களுக்கு விட்டார். அவருடைய பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தபோது என் மனைவி போய்ப் பார்த்திருக்கிறாள். அந்தப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பறக்கவிடும்போது அவரும் வரப்பில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

அது தை மாதம். காலை மூட்டம் விலகி வெயில் வந்திருந்தது. புதிதாகச் செய்த விமானம். இறக்கை நீளமானது, பார்க்க அழகானது. அவள் அதை மேலே மேலே ஏற்றி, சின்னப் புள்ளியாக்கி, பிறகு மூக்கைக் கீழே திருப்பி எங்களை நோக்கி இறக்கினாள். தலைக்குமேல் விர்ரென்று கடந்து போவது அவளுக்குப் பிடிக்கும். பாதி தூரம் வந்திருக்கும். ‘ர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். காடாத்துணியை யாரோ ஒரே இழுப்பில் கிழிப்பது மாதிரி. நான் மோட்டார் என்று நினைத்தேன். அடுத்த நொடி வலது இறக்கையிலிருந்து ஏதோ ஒரு துண்டு பிய்ந்து பறந்தது. பிறகு இறக்கையே மடங்கியது. விமானம் சுழன்றுகொண்டே குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் விழுந்தது.



“இவ்வளவு வேகமா ஏம்மா இறக்கினே?” என்றேன்.

“ஏனுங்க, பிளேன்னா எறங்காதுங்களா?” என்றாள். “நான் ஒண்ணும் பண்ணல. ரிமோட்டுக் குச்சியக்கூட அசைக்கல. அதுவா பிஞ்சுது.”

வரப்பிலிருந்த விவசாயி எழுந்து வந்தார். “பருந்து அடிச்சிருச்சுங்க சார். நான் பாத்தனே. ரெக்க ரெண்டு தடவ படபடன்னு அடிச்சுதுங்க.”

வானத்தில் பருந்தே இல்லை. விமானத்தின் இறக்கை படபடவென்று அடிக்காது. அது பலகை மாதிரி நிற்பது. அவர் எதையோ பார்த்து எதையோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

விழுந்த இடம் போய்ப் பொறுக்கினோம். பிய்ந்து பறந்த துண்டு மட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் அந்த விவசாயியே அதைக் கால்நடை மருந்தகத்தில் கொண்டுவந்து கொடுத்தாராம். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடிக்குள் சிக்கிக்கிடந்திருக்கிறது. அது எய்லரான். இறக்கையின் பின்விளிம்பில் கதவு மாதிரி கீல் போட்டு மாட்டியிருக்கும் நீளப்பட்டை. அது மேலேயும் கீழேயும் அசைந்தால்தான் விமானம் பக்கவாட்டில் சாயும். இறக்கைக்குள் இருக்கும் சர்வோ என்கிற சிறிய மோட்டார் ஒரு கம்பியால் அதைத் தள்ளும், இழுக்கும். கீல்கள் மூன்றும் வேரோடு பிடுங்கியதுபோல வந்திருந்தன. கம்பி வளைந்திருந்தது. பருந்து அடித்தால் இப்படி ஆகுமா, தெரியவில்லை. வேகத்தில் இறங்கினால் இப்படி ஆகுமா, அதுவும் தெரியவில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. மேட்டில் செல்போன் டவர் இருக்கிறது. ரிமோட்டின் சிக்னலை அது குழப்பியிருக்கலாம். விமானத்துக்குள் அதை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் பைத்தியம் பிடித்து எய்லரானை ஆட்டியிருக்கலாம். உடைந்த விமானத்திலிருந்து ரிசீவரையும் சர்வோவையும் கழற்றி எடுத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, காட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். டவருக்கு நேர் கீழேயும் நின்றேன். சர்வோ ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஒரு துடிப்புகூட இல்லை.

“டவரும் இல்ல. அப்போ நீங்க கட்டுனதுலதான் ஏதோ இருக்குது,” என்றாள்.

“தரையில எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? நீயும்தானே பாத்தே?”

அதுதான் எனக்குப் புரியாதது. தரையில் வைத்து எய்லரானை மேலே கீழே அசைத்துப் பார்த்தபிறகுதான் பறக்கவிட்டோம். மெதுவாகப் பறந்தபோதும் எந்தக் கோளாறும் இல்லை. தரையில் இல்லாத ஒரு வியாதி காற்றில் மட்டும் எப்படி வரும்?

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு நண்பன். என்னோடு படித்தவன், அவனும் விமானம் செய்பவன். அவனைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. பலா மரத்தடிக்கு வந்து, கையை ஒரு பக்கமாகத் தூக்கிவைத்துப் பேச வேண்டும். சத்தத்தை வாயால் செய்துகாட்டினேன். உடனே சொன்னான்: “அடேய், அது ஃப்ளட்டர். காத்து வேகமாப் போனா எய்லரான் தானாத் துடிக்கும். கொடி காத்துல அடிச்சுக்குதில்ல, அப்படி. ஒரு தடவை ஆரம்பிச்சா காத்தே அதை ஆட்டி ஆட்டிப் பெருசாக்கும். நொடியில பிச்சு எறிஞ்சிரும். நீ எய்லரானைக் கெட்டி பண்ணு. நல்லாக் கெட்டி...” அதோடு லைன் போய்விட்டது. நானும் மறுபடி கூப்பிடவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதே.

கெட்டி பண்ணினேன். புது இறக்கைக்கு நான் செய்த எய்லரான் பழையதைப்போல இரண்டு மடங்கு தடித்த பட்டை, பால்சா என்கிற மென்மரத்தில். அதன்மேல் மெல்லிய கண்ணாடி நார்த் துணியை ஒட்டினேன். அதன்மேல் பிசின். அதன்மேல் சிவப்புப் பெயின்ட், இரண்டு கோட். விரலால் தட்டினால் டொக்கென்றது. இறக்கைக்குள்ளும் கார்பன் குழாய் ஒன்றை ஓட்டினேன். முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. இதை இனி எந்தக் காற்றும் துடிக்கவைக்காது என்று நம்பினேன்.

மாசியில் ஒரு ஞாயிறு மறுபடியும் அதே காடு. “வேகமா வேணாம்மா. சும்மா சாய்வா இறக்கு, பாப்போம்,” என்றேன். அவளும் அப்படித்தான் செய்தாள். உயரம்கூட அதிகம் இல்லை. கோயில் தேர் இறக்கத்தில் வருவது மாதிரி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

‘ர்ர்ர்ர்.’

முன்பு ஓடிய வேகத்தில் பாதிகூட இல்லை. கெட்டி பண்ணியபிறகு, முன்னைவிடச் சீக்கிரமே வருகிறது!

ஆனால் இந்த முறை அவள் தயாராக இருந்தாள். மோட்டாரை உடனே அணைத்தாள். மூக்கைப் பதறாமல் மெல்ல மேலே தூக்கினாள். வேகம் குறைந்ததும் சத்தம் நின்றுவிட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே பறந்தது. வலது எய்லரான் அவள் பேச்சைக் கேட்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இடது எய்லரானையும் வாலையும் வைத்து எப்படியோ சுற்றிக் கொண்டுவந்து காட்டில் இறக்கினாள். அறுத்த சாமைத் தாள் சரசரவென்று மடங்கியது.

“இப்பவும் நான்தான் வேகமா இறக்குனனுங்களா?” என்றாள்.

நான் போய் விமானத்தை எடுத்துவந்தேன். விவசாயி இந்த முறை பருந்தைப் பற்றிப் பேசவில்லை. “என்னமோ ஆவுதுங்க சார் அதுக்கு,” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இறக்கையைத் திறந்தேன். சர்வோவுக்குள் இருந்த பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பற்கள் உதிர்ந்து கிடந்தன. எய்லரான் துடித்த துடிப்பில் அவ்வளவும் மழுங்கிப்போயிருக்கிறது. இத்தனை கெட்டியான எய்லரான் எதற்காகத் துடிக்க வேண்டும்? செல்போனில் தேடினேன். ஒருவர் கனம் கூட்டு என்கிறார். ஒருவர் கனமே கூடாது என்கிறார். ஒருவர் எய்லரானுக்கும் இறக்கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடை என்கிறார். ஒருவர் கம்பிதான் காரணம் என்கிறார். இன்னொருவர் எய்லரானின் முன்பக்கத்தில் ஈயக் குண்டு கட்டச் சொல்கிறார். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நுண்கணிதம் நடத்துகிற எனக்கு, ஒரு முழ நீளப் பட்டை ஏன் ஆடுகிறது என்பது பிடிபடவில்லை.

மறுபடி நண்பனைக் கூப்பிட்டேன்.

“கெட்டி பண்ணச் சொன்னியே, பண்ணிட்டேன். முன்னைவிட மோசமாயிருச்சு.”

“என்ன பண்ணினே?”

சொன்னேன்.

“அடப்பாவி. கெட்டின்னா, ஆட்டம் இல்லாமக் கெட்டியாப் பிடிச்சிருக்கணும்னு சொன்னேன். நீ தடியா, கனமாப் பண்ணி வெச்சிருக்கியே. கீலுக்குப் பின்னாடி கனம் ஏற ஏறத் துடிப்பு சீக்கிரமே வரும்.”

ஒரே சொல். அவன் சொன்ன கெட்டி ஒன்று, நான் கேட்ட கெட்டி வேறு. என் மனைவியிடம் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எய்லரானின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசைத்தாள். சர்வோ புதிதாக மாற்றியது, அசையாமல் பிடித்திருந்தது. ஆனாலும் நுனி நெல்மணி அளவு மேலேயும் கீழேயும் போய்வந்தது.

“இங்க பாருங்க, ஆடுதில்ல?”

“அது கொஞ்சம்தானே.”

“கொஞ்சம்தானுங்க. ஆனா காத்துக்கு அது போதுமா போதாதா? உங்களுக்குத் தெரியுமுங்களா?”

தெரியாது. அவளுக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடு இரண்டு பேரும் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் சொன்னாள்: “பறக்கவிட்டுத்தான் பாக்கணுமா? வண்டியில வெச்சுப் பாக்கலாமுங்களே.”

மலையில் நேர்ரோடு கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வேகத்தைப் பிடிப்பது? அடுத்த ஞாயிறு விடிந்ததும் எங்கள் பைக்கில் கீழே இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, இரண்டு பக்கமும் வயல் உள்ள ஒரு நேரான ரோட்டுக்குப் போனோம். நான் வண்டியை ஓட்டினேன். அவள் பின்னால் ஒரு பக்கமாக உட்காராமல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, வலது இறக்கையை மட்டும் அடியில் பிடித்து வெளியே நீட்டிக்கொண்டாள். சர்வோவுக்கு பேட்டரி அவள் சுடிதார்ப் பையில்.

வேகம் ஏறியது. இறக்கை மேலே தூக்கப் பார்த்ததில் அவள் என் முதுகில் சாய்ந்து அழுத்திக்கொண்டாள்.

“வருது! வருதுங்க!” என்று கத்தினாள். நான் திரும்பிப் பார்க்க முடியாது. சத்தம் மட்டும் காதில் விழுந்தது. அதே சத்தம். வேகத்தைக் குறைத்தேன், நின்றது. கூட்டினேன், வந்தது. ஸ்பீடாமீட்டர் முள் அதே இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வந்தது.

மொபெட்டில் தயிர்க் கேனோடு போன ஒருவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டு வந்தார்.

“ஏனுங்க, அது என்னங்க? ஃபேனுங்களா?”

“ரெக்கைங்க,” என்றாள் என் மனைவி.

“எதோடதுங்க?”

“ஏரோப்ளேனோடதுங்க.”

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் திரும்பிவிட்டார்.

பிறகு இடம் மாற்றினோம். அவள் ஓட்டினாள், நான் இறக்கையைப் பிடித்தேன். நான் செய்த அந்தச் சிவப்புப் பட்டை கண்ணெதிரே அசையாமல் இருந்தது. வேகம் ஏற ஏற என் மணிக்கட்டில் ஒரு சின்ன அதிர்வு. அடுத்த கணம் பட்டையைக் காணோம். அதன் இடத்தில் சிவப்பாக ஒரு புகை மாதிரி தெரிந்தது. இறக்கை முழுவதும் என் கைக்குள் உயிருள்ள ஏதோ போல உதறியது. விவசாயி சொன்ன படபடப்பு இதுதான். அவர் கண்டது சரிதான், பருந்தைச் சேர்த்துக்கொண்டதுதான் தப்பு. “நிறுத்து, நிறுத்து!” என்று கத்தினேன். அவள் நிறுத்தினாள். ரோட்டோரத்தில் நின்று எய்லரானைப் பார்த்தோம். ஒரு கீல் ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. கண்ணால் கண்டபிறகு தெளிவு வரும் என்பார்கள். எனக்குப் பயம்தான் வந்தது. என் கையால் செய்த ஒன்று எனக்குத் தெரியாத ஒரு காரியத்தைச் செய்கிறது.

வீட்டில் எல்லாவற்றையும் மாற்றினேன். சிவப்புப் பெயின்ட்டையும் நார்த்துணியையும் உரித்தெறிந்து, மெல்லிய, லேசான எய்லரான் செய்தேன். நீளமான மெல்லிய கம்பிக்குப் பதிலாகக் குட்டையான, வளையாத தடித்த கம்பி. கம்பி மாட்டுகிற துளைகள் தேய்ந்து பெரிதாகியிருந்தன. புதியதாகப் போட்டு, கம்பி துளையில் இறுகிப் பொருந்தச் செய்தேன். கம்பியின் ஒரு முனையை சர்வோவின் சுழலும் கையிலுள்ள உள்துளையிலும், மறுமுனையை எய்லரானில் கொம்பு மாதிரி ஒட்டியிருந்த பிடியின் வெளித்துளையிலும் மாட்டினேன். அப்படி மாட்டினால் அசைவு குறையும், பிடி கூடும். கீல் இடைவெளி முழுக்க ஒளி ஊடுருவும் டேப். கடைசியாக, எய்லரானின் முனையில் கீலுக்கு முன்னால் நீளுகிற ஒரு சின்னக் கையில், தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டு. கனம் பின்னால் இழுக்காமல் முன்னால் இழுக்கட்டும் என்று.

மறுபடி அந்த ரோடு. வண்டி போகிற வேகம் முழுக்கப் போனோம். எய்லரான் ஆணி அடித்தது போல நின்றது. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எந்த மருந்து வேலை செய்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். டேப்பைப் பிரித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம், துடிக்கவில்லை. டேப்பை ஒட்டிவிட்டு ஈயத்தைக் கழற்றினோம், துடிக்கவில்லை. பழைய மெல்லிய கம்பியைப் போட்டோம், அப்போதும் இல்லை. டேப், ஈயம் இரண்டையும் எடுத்துவிட்டுப் பழைய கம்பியோடு ஓட்டியபோது ஒருமுறை வந்தது. அதையே திரும்பச் செய்தபோது வரவில்லை. எதிர்க்காற்றா, பக்கக்காற்றா, அவள் பிடித்த பிடியா, நான் பிடித்த பிடியா என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

“அப்போ எதுனால சரியாச்சு?” என்றேன்.

“ஏனுங்க, காச்சல்ல படுத்த மாட்டுக்கு மூணு ஊசி போடுறேன். எந்திரிச்சு நிக்குது. எந்த ஊசின்னு மாடு சொல்லுதுங்களா? எல்லாத்தையும் போட்டே பறக்கவிடலாம்.”

கணக்கு வாத்தியாருக்கு இது பதிலே அல்ல. ஆனாலும் டேப், ஈயம், தடித்த கம்பி மூன்றையும் திரும்ப மாட்டினேன்.

பங்குனியில் பறக்கவிட்டோம். அவள் மேலே மேலே ஏற்றினாள். நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மூக்கைத் திருப்பி இறக்கினாள். தை மாதம் இறக்கியதைவிடச் செங்குத்தாக. நான் விமானத்தைப் பார்க்காமல் காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம், காற்றுச் சத்தம், அவ்வளவுதான். தலைக்குமேல் விர்ரென்று போனது. அவள் திருப்பி இன்னும் ஒருமுறை, இன்னும் வேகமாக இறக்கினாள்.

“போதும்மா, போதும்!” என்றேன்.

அவள் கேட்கவில்லை. மூன்றாவது முறையும் இறக்கிவிட்டுத்தான் தரைக்குக் கொண்டுவந்தாள். நான் ஓடிப்போய் எய்லரான் நுனியை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

“உங்க மூஞ்சியப் பாத்தா பிளேன் விழுந்த மாதிரி இருக்குதுங்க,” என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்துக்குள் ஒரு குறுகுறுப்பு. விழுந்தபோதும் ஏன் என்று தெரியவில்லை. விழாதபோதும் ஏன் என்று சரியாகத் தெரியவில்லை. விழாதது நல்லதுதான். இருந்தாலும்.

சித்திரையில் கோடை மழை பெய்ததும் விவசாயி காட்டை உழுதுவிட்டார். அடுத்த அறுப்பு வரை பறக்க இடம் இல்லை. விமானம் இப்போது கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் மருந்தகத்திலிருந்து வந்து, எந்தப் பசுவுக்கு என்ன என்று சொல்லிக்கொண்டே உள்ளே போகிறாள். அடுத்த விமானத்துக்கு இறக்கையை இன்னும் நீளமாகச் செய்யச் சொல்லியிருக்கிறாள். இறக்கை நீண்டால் எய்லரானும் நீளும், கம்பியும் நீளும். எவ்வளவு நீளம் வரைக்கும் துடிக்காது என்று கேட்டேன்.

“செஞ்சு குடுங்க, பறக்கவிட்டுச் சொல்றேன்,” என்கிறாள்.